கிரில்லில் வைத்த பன்னிக்கறி

மன்னித்துக்கொள். நீ இருந்தபோது உன் நீளமான வாட்ஸ்அப் செய்திக்கெல்லாம் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியவள், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று அசோக் நகரில் உன் அம்மாவைப் பார்க்க வந்தபோது, காயப்போட்ட துணியை எடுக்க உங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில் உன் கிரில் அடுப்பு இருந்தது. மூடியைத் தூக்கினேன். கரியும் தீய்ந்த வெல்லமும் கலந்த அந்த வாசனை இன்னும் போகவில்லை.

தரமணி ஆபீசில் பக்கத்து மேசையிலிருந்து நீ, "ஞாயித்துக்கெழம எங்க வீட்ல போர்க் ரிப்ஸ், வந்துடு" என்றபோது தலையை மட்டும் ஆட்டினேன். நீ சொன்னால் அது ஏதோ பெரிய ஓட்டல் அயிட்டம் போலிருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பன்னிக்கறி. கல்லூரி விடுதியில் அந்தச் சொல்லுக்கு எழுந்த சிரிப்பைக் கேட்டபின், நான் அதை யாரிடமும் உச்சரித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விலா எலும்பின் பின்பக்கச் சவ்வை நீ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். பொறுக்காமல் கரண்டிக் காம்பை ஓரத்தில் நுழைத்து, துணியால் பிடித்து இழுத்தேன். ஒரே தாளாக வந்துவிட்டது.

"இன்னாடி, சட்டைய கழட்டுற மாதிரி கழட்டிட்ட? எங்க கத்துக்கின?"

"வீட்ல செய்வோம். பன்னிக்கறி."

"இத்தினி நாளா தயிர்சாத டப்பாவக் காட்டி ஏமாத்திக்கினு இருந்தியா?" என்று இடுக்கியை என் கையில் கொடுத்தாய். அவ்வளவுதான்.

ஆனால் இருவருக்குமே தணலின்மேல் நம்பிக்கையில்லை. வேகாதோ என்று முதலில் குக்கரில் வைத்து விசில் விட்டோம். கிரில்லில் போட்டுத் தூக்கினால் எலும்பு மட்டும் வந்தது. கறி கம்பிக்குள் விழுந்து எரிந்தது. "எலும்பு சூப்பர்" என்றாய், வெறும் எலும்பைச் சப்பியபடி.

அடுத்த வாரம் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து மூடினோம். நீ சும்மா இருக்கவில்லை.

"வெந்துச்சா?"

"மூடு."

நான் ஒருவரை அதட்டியது அதுதான் முதல்முறை. வெயில் சாய்ந்த பிறகு புளியும் வெல்லமும் காய்ச்சித் தடவினோம். கறி எலும்பிலேயே நின்றது; கடித்ததும் பூப்போலக் கழன்றது. கடைசித் துண்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "வேணும்னா வாயத் தொறந்து கேளுடி. மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றாய்.

காய்ச்சலில் நீ இறந்துபோன பிறகு அடுப்பை யாரும் தொடவில்லை. இன்று துணியோடு கீழே வந்ததும் உன் அம்மா சொன்னார்கள்: "அந்த அடுப்பப் பாத்தாலே என்னமோ பண்ணுதும்மா. பழைய இரும்புக்காரன நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதுள்ள வீட்டுக்காரரிடம், குடிவரும்போதே பன்னிக்கறி சமைப்பேன் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல் இப்போது தடுமாறாமல் வருகிறது. கேட்பதுதான் இன்னும் வரவில்லை. காலையில் இரும்புக்காரர் வருவதற்குள் உன் அம்மா முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கு முன் உன்னிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அந்த அடுப்பை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?