அவன் கொடுத்த சுண்ணாம்பு

ஸ்ரீரங்கம்,
12-8-1967.

அன்புள்ள இன்ஸ்பெக்டர் திரு. பாக்கியநாதன் அவர்களுக்கு,

சிமெண்டு கேஸ் வாத்தியார் அடைக்கலம் எழுதுவது. கூடலூர் போன பிறகு எத்தனையோ கேஸ்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். வெறும் பெயரைப் போட்டால் உடனே பிடிபடாது என்றுதான் இப்படி ஆரம்பிக்கிறேன். என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. அறுபத்து மூன்று வயதிலும் சைக்கிளில் கொள்ளிடம் வரை போய் வருகிறேன். உங்கள் துணைவியார் அக்னஸ் அம்மாளுக்கு மழைக்காலத்தில் இருமல் வருமே, அந்தக் குளிர் ஒத்துக்கொண்டதா? பனங்கற்கண்டும் மிளகும் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கேஸ் இப்போது உங்கள் ஆபீசில் இல்லை; ஆகவே இதை லஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

போன மாதம் இருபத்து நாலாம் தேதி கேஸ் விசாரணைக்கு வந்தது. உங்களுக்கு அனுப்பிய சம்மன், பந்தோபஸ்து வேலையில் இருக்கிறீர்கள் என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. அதற்கு முந்தைய தடவையும் அதே குறிப்புதான். கூடலூரில் அப்படி என்ன கலவரம் என்று சர்க்கார் வக்கீல் என்னிடம் கேட்டார்.

வீரமலையை நினைவிருக்கும். கூட்டுறவு ஆபீசிலிருந்து நீங்கள் சாட்சிக்கு அழைத்து வந்த குமாஸ்தா. அன்றைக்கு லஞ்சம் வாங்கிய கையைக் கழுவச் சோடாத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தவரே அவர்தான். கூண்டில் ஏறி, "நான் அந்த நேரம் வராந்தாவுல காபி குடிச்சுக்கிட்டு இருந்தேங்க. உள்ளே என்ன நடந்துச்சுன்னு தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் என் பக்கத்திலேயே வந்து நின்றார். "ரெண்டு பொண்ணு இருக்கு வாத்தியாரய்யா. என்னை நாளைக்கு ராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டா நீங்களா வந்து கல்யாணம் பண்ணி வைப்பீங்க?" என்றார். வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் நாற்பது பையன்களும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொருவனாகக் கூப்பிட்டுக் கேட்டால் நாற்பது பேரும் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். அதனால் வீரமலை மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. என் கோபத்தை நான் பிரித்துச் செலவு செய்வதில்லை. முழுவதும் ஒருவனுக்காகவே வைத்திருக்கிறேன்.

இன்னொரு சாட்சி காஜா மைதீன் பாய் மட்டும் கண்டதைக் கண்டபடி சொன்னார். தண்ணீர் ரோஜா நிறமாக மாறியது என்றார். உடனே எதிர்த்தரப்பு வக்கீல் மேஜை மேலிருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பாட்டிலில் இருந்தது வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. "எங்கே ரோஜா? இது காவேரித் தண்ணீர். ஸ்ரீரங்கத்தில் எல்லார் வீட்டுக் குடத்திலும் இருக்கிறது" என்றார். கோர்ட்டே சிரித்தது. லஞ்சம் வாங்கிய நல்லுசாமியும் சிரித்தான். வெற்றிலைக் கறை படிந்த பல் அத்தனையும் தெரிய.

எனக்கு ஆச்சரியம் இல்லை. முப்பத்து நாலு வருஷம் விஞ்ஞானம் நடத்தியவன் நான். நோட்டில் தடவும் பினாப்தலீன் தூள் பட்ட கையைச் சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவினால் நிறம் வரும். நாள்பட்டால் மூடி இடுக்கு வழியே காற்றிலுள்ள கரியமில வாயு இறங்கி, அந்த நிறம் போய்விடும். பாட்டில் மூன்று வருஷமாக அலமாரியில் இருக்கிறது. வழக்குத் தொடர அனுமதி உத்தரவு சென்னையிலிருந்து வருவதற்கே பதினான்கு மாதம் ஆயிற்று. வலது கை கழுவிய பாட்டில் சோதனைக்குப் போகும் வழியில் ரயில் பார்சலில் உடைந்தது. மிஞ்சியிருப்பது இந்த இடது கை பாட்டில் ஒன்றுதான்.

இனி எழுதுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கூண்டில் சொன்னதும் நீங்கள் சொல்லப்போவதும் தேதி மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

1964 ஜூன் மாதம், சமையற்கட்டின் பின்சுவர் விரிசல் கண்டதால் எட்டு மூட்டை சிமெண்டுக்குப் பர்மிட் கேட்டு மனுக் கொடுத்தேன். பர்மிட் ஆபீசர் நல்லுசாமி இருபத்தைந்து ரூபாய் கேட்டான். நான் கொடுக்கவில்லை. என் மனைவி பவுனம்மாள், "ஊரே கொடுக்குது. அந்த இருபத்தஞ்சைக் கொடுத்துத் தொலைங்களேன். மழை வந்துட்டா உங்க நியாயத்தை வெச்சா சுவரைப் பூசறது?" என்றாள். அதையும் நான் கேட்கவில்லை. ஆகஸ்டு கடைசியில் உங்கள் லஞ்ச ஒழிப்பு ஆபீஸ் மாடிப்படி ஏறிப் புகார் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். மேலிடத்து அனுமதி வரவேண்டும், வேறு ஆபீசிலிருந்து சாட்சிகளை இரவல் வாங்கவேண்டும், அதுவரை பணம் கொடுத்துவிடாமல் அவனை இழுத்துப் பிடிக்கவேண்டும் என்றீர்கள். நான் இழுத்துப் பிடித்தேன். செப்டம்பரில் சாட்சி கிடைக்கவில்லை. அக்டோபரில் ஒரு நாள் குறித்தீர்கள்; அன்றைக்கு ஜீப் தஞ்சாவூர் போயிருந்தது. நவம்பர் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நான் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். "இன்னும் ஒரே வாரம் பொறுத்துக்குங்க சார்" என்றீர்கள். வெளியே நல்ல மழை. பாலம் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவில் கூட்டம் நின்றது. அவள் அடுப்பில் உலை வைத்திருந்தாளாம்.

இதை உங்கள் மேல் குறையாக எழுதவில்லை. தேதிகளுக்காக எழுதினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தூள் தடவிய ஐந்து ஐந்து ரூபாய் நோட்டுகளோடு அவன் ஆபீசுக்குப் போனேன். சுவரும் இல்லை, அவளும் இல்லை, உனக்குச் சிமெண்டு எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்பான் என்று நினைத்தேன். "கேள்விப்பட்டேன் சார். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அன்னைக்கே கொடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வாங்கி, இரண்டு கையாலும் எண்ணினான். எண்ணும்போது அவன் இடது கை ஆட்காட்டி விரல் நுனி ரோஜா நிறமாக மாறியது. நீங்கள் இன்னும் உள்ளே வரவில்லை, சோடாத் தண்ணீரும் வரவில்லை. அவன் விரலில் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதில் தூள் பட்டிருக்கிறது. வெற்றிலை போடுகிறவன் விரல் எப்போதும் சிவப்புதானே, அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்த விரலை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

குறுக்கு விசாரணையில் வக்கீல், "என் கட்சிக்காரர் மேல் உமக்கு விரோதம் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். சர்க்கார் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நியாயத்துக்காகப் போராடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை. அவன் அந்தக் கூண்டில் நிற்க, அந்த விரலைப் பற்றி ஒருவர் உரக்கப் படிக்க, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் கேட்கவேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை.

சஸ்பென்ஷன் ரத்தாகி அவன் இப்போது முசிறியில் சர்க்கரை, மண்ணெண்ணெய் பர்மிட் பார்க்கிறான். சிமெண்டுக்குத்தான் போன வருஷம் ஜனவரியிலிருந்து பர்மிட்டே வேண்டாம் என்று ஆகிவிட்டதே. கடையில் போய்க் கேட்டால் எடைபோட்டுத் தருகிறார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் முசிறி பஸ் ஏறிப் போய், அவன் மேஜைக்கு நேர் எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பேசுவதில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு அவன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். கண்டக்டர்கூட "என்ன வாத்தியாரே, டூட்டிக்கா?" என்கிறான். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்த ஆபீசில் நல்ல கூட்டம். அன்றைக்கு அவன் காசு வாங்குவதில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ராக்கம்மாள் என்று வாழைத்தோப்பு வைத்திருக்கும் ஓர் அம்மாள், மகள் கல்யாணத்துக்குச் சர்க்கரை பர்மிட் வாங்கிக்கொண்டு போகும்போது, "நீங்க செவ்வாக்கிழமையும் வந்தா என்னங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். உங்கள் ஆபீசுக்கு ஒரு ஜீப், இரண்டு கான்ஸ்டபிள்; எனக்கு ஒரு பெஞ்சு. ஆனாலும் பெஞ்சைக் கொண்டு அவனைத் தண்டிக்க முடியாது. அதற்கு நீங்கள் வேண்டும்.

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியாதது அல்ல. வகுப்பில் மானிட்டர் என்று ஒரு பையனையே போடுகிறோம். பேசியவர்கள் பெயரை அவன் போர்டில் எழுதுகிறான். மறுநாள் அவன் அதே பெஞ்சில், அதே பையன்களுக்கு நடுவில் உட்காரவேண்டும். மூன்று வருஷத்துக்கு லஞ்ச ஒழிப்பில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி உங்களைப் பழைய போலீஸ் வேலைக்கே அனுப்பிவிட்டார்கள். நல்லுசாமியின் மைத்துனர் உங்கள் இலாகாவில் மேலே இருக்கிறார் என்றும், உங்கள் பிரமோஷன் பைல் அவர் மேஜையில் இருக்கிறது என்றும் காஜா மைதீன் பாய் சொன்னார். இருக்கலாம். நான் போர்டில் பெயர் எழுதிய பையனை ஒருநாளும் அடித்ததில்லை. பெயரை எழுதிவிட்டு இடைவேளையில் அழித்த பையனை ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான செய்தி. போன வாய்தாவில் கோர்ட் வராந்தாவில் நல்லுசாமி தன் வக்கீலோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. நான் கிட்டே போய்க் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா என்று கேட்டேன். சுண்ணாம்பு கேட்டால் நம் பக்கத்தில் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. "வாத்தியாரும் நம்ம கட்சிக்கு வந்துட்டாரு சார்" என்று வக்கீலிடம் சொல்லிக்கொண்டே டப்பாவை நீட்டினான். "தாராளமா எடுங்க, வெத்தலையும் தரட்டுமா?" என்றான். வேண்டாம் என்று, ஒரு சுண்டைக்காய் அளவு வழித்து எடுத்துக்கொண்டேன். காஜா மைதீன் பாயும் கோர்ட் சேவகரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறம் போன அந்தத் தண்ணீரில் துளிச் சுண்ணாம்பு விழுந்தால் போதும், ரோஜா நிறம் திரும்ப வரும். வீட்டில் அதே தூளை வாங்கி, சோடாத் தண்ணீரில் கலந்து, நிறம் போகவிட்டு, நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன். ஜட்ஜ் முன்னால் பாட்டிலைத் திறக்கும்படி கேட்கலாமா என்று சர்க்கார் வக்கீலிடம் விசாரித்தேன். கேட்கலாமாம். ஆனால் மூடியில் அரக்கு முத்திரை வைத்தவர் வந்து, இது என் முத்திரை, இது அன்றைய பாட்டில் என்று சொன்னால்தான் திறக்க முடியுமாம். நாம் ஏதோ கலந்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லாதிருக்கத்தான் அவன் டப்பாவிலிருந்தே எடுத்தேன். தன் சுண்ணாம்பைத் தானே பொய் என்று அவன் சொல்லட்டும், பார்க்கலாம்.

அடுத்த வாய்தா செப்டம்பர் நாலாம் தேதி, திங்கட்கிழமை. முந்தின நாளே வந்துவிடுங்கள். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் தங்கலாம். பின்சுவர் இல்லை, தட்டி கட்டியிருக்கிறேன். அங்கேதான் சமைத்துச் சாப்பிடுகிறேன். உங்களுக்கும் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடுவதில் சிரமம் இல்லை.

அந்தச் சுண்ணாம்பைப் பவுனம்மாளின் குங்குமச் சிமிழில் வைத்திருக்கிறேன். காற்றுப் பட்டால் அதுவும் செத்துப்போகும். தினமும் காலை பத்து மணிக்கு மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடுகிறேன். இன்று வரை காயவில்லை.

நீங்களும் அக்னஸ் அம்மாளும் குழந்தைகளும் நல்ல சுவர் உள்ள வீட்டில், நீண்ட நாள் சுகமாக இருக்கவேண்டும் என்று மனமாரப் பிரார்த்திக்கிறேன்.

உங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
ச. அடைக்கலம்