பயப்பட வேண்டிய நாள்

இன்று காலை தோளுக்குத் தடவுவதற்காகக் கோடாலித் தைலத்தைத் திறந்தேன். நீங்கள் குவைத்திலிருந்து கடைசியாகக் கொண்டுவந்த பெட்டியில் மிஞ்சிய குப்பி. அதை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் மூடியைத் திருகினேன். இடது கையில் மாவுக்கட்டு. துவைக்கிற கல்லருகே பாசி வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கட்டின் பாரத்தில் தோள் கடுக்கிறது. மூடி திறந்ததுதான் தாமதம், நீங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள். பெட்டி பிரிக்கிற நாளில் கூடம் முழுக்க அடிக்குமே, சோப்பும் சென்ட்டும் தைலமும் கலந்த வாசனை, அதேதான். கொஞ்ச நேரம் தடவ மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ரியாஸ் அத்தா, உங்களை நான் அப்படித்தானே கூப்பிட்டேன். பிள்ளை பிறக்கும்வரை "இங்க பாருங்க" என்பதுதான் உங்கள் பெயர். அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இல்லாததால் சண்டை போடவும் எனக்கு ஆளில்லை.

அவன் ஜெர்மனிக்குப் போய் இரண்டாவது குளிர்காலம் நடக்கிறது. "என் புள்ள என்னை மாதிரி பெட்டி தூக்க வெளிநாட்டுக்கு சபர் போகக் கூடாது, படிக்கப் போகணும்" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நீங்கள் மவுத்தாகி மறுவருடமே அவன் பயணப்பட்டான். ஊர் வழக்கப்படி சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டான். கடைசியாக உங்களை அடக்கிய கபருக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அன்று பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நிலைகொள்ளவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோகிறேன். போனை எடுக்கிறேன், வைக்கிறேன், மறுபடியும் எடுக்கிறேன்.

என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. தினமும் வீடியோவில் வருகிறான். ஆனால் படம் முழுக்க அவன் முகம்தான். நெற்றியும் மூக்கும் மட்டும். முன்பெல்லாம் அறையைச் சுற்றிக் காட்டுவான், ஜன்னலில் பனியைக் காட்டுவான், கருகிய தோசையைக் காட்டிச் சிரிப்பான். இரண்டு மாதமாக ஒன்றும் கிடையாது. "சாப்பிட்டியா?" "சாப்ட்டேம்மா." "காலேஜு?" "போகுதும்மா." "உடம்பு?" "நல்லா இருக்கேம்மா." அந்த 'நல்லா'வைச் சற்று இழுத்துவிட்டு மிச்சத்தை அவசரமாக முடிக்கிறான். அதை எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்கா தெரியாது? குவைத்திலிருந்து நீங்கள் பேசியதெல்லாம் அப்படித்தானே.

அந்தக் காலத்தில் உங்கள் பேச்சை நான் என்றைக்கும் நம்பியதில்லை. நம் தெருவில் யார்தான் நம்பினார்கள்? சபரிலிருந்து ஒருவர் லீவில் வந்தால், அங்கே ஆள் இருக்கிற வீட்டுப் பெண்களெல்லாம் அவர் வீட்டுக்குப் போவோம். கொடுத்தனுப்பிய பெட்டியை வாங்குவது ஒரு சாக்குத்தான். கண்ணால் பார்த்துவிட்டு வந்தவரை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். இளைச்சிருக்காரா, இருமுறாரா, யாரோட தங்கியிருக்காரு என்று கிளறிக் கிளறிக் கேட்போம். திரும்பிப் போகும்போது அவர் கையில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்போம்.

ஜமால் அண்ணன் வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களோடு அதே கிடங்கில் வேலை பார்த்தவர். நான் வாசற்படி ஏறி சலாம் சொல்லக்கூட இல்லை, "அவரு ஜம்முனு இருக்காரு தங்கச்சி!" என்றார். கேட்பதற்கு முன்பே பதில். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு நல்ல மனிதரை எத்தனை தடவைதான் குடைவது?

அப்புறம் நீங்களே வந்தீர்கள். கோடைக்காலம், தார் உருகுகிற வெயில். தெருவில் அத்தனை பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, என் மாப்பிள்ளை நீங்கள் மட்டும் வீட்டுக்குள் சாக்ஸோடு நடக்கிறீர்கள்! கேட்டதற்கு, "ஏசியிலேயே இருந்து பழகிடுச்சு, கால் சில்லுன்னு இருக்கணும்" என்றீர்கள். கால் சில்லென்று இருக்க யாராவது சாக்ஸ் போடுவார்களா? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். ஒளு செய்யக் குழாயடிக்குப் போனீர்கள். காலைக் கழுவாமல் ஒளு ஏது? துண்டைக் கொடுக்க வந்தவள் பார்த்துவிட்டேன். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

இரும்புத் தகடு சரிந்ததாம். ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களாம். ஜமால் அண்ணன்தான் கூட இருந்து பார்த்தாராம். வீட்டில் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினீர்களாம். ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். நீங்கள் அமைதியாகக் கேட்டீர்கள். "சொன்னா நீ இங்கேருந்து என்ன செஞ்சிருப்பே?"

என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க மாட்டேன். ஆனால் தகடு சரிந்த நாள் எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தங்கை மகள் நிக்காஹ் அன்று. நீங்கள் ரத்தத்தில் கிடந்த நேரத்தில் நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவள் சொன்ன கதைக்குப் புரையேறச் சிரித்திருக்கிறேன். "பயப்படாத நாளே இல்லாம அத்தனை வருசம் பயந்து செத்தேன். பயப்பட வேண்டிய அன்னிக்கு மட்டும் என்னைச் சிரிக்க வச்சிட்டீங்களே" என்றேன். கடைசிவரை அதற்கு நீங்கள் பதில் சொல்லவேயில்லை, தெரியுமா? பிடிவாதக்காரர்.

இப்போது ரியாஸை விசாரிக்க அந்த வழியும் இல்லை. அவன் ஊரில் நம் தெரு ஆள் ஒருவரும் கிடையாது. யோசித்து யோசித்துப் பார்த்ததில் கும்பகோணத்துப் பெண் ஒருத்தி தன்னோடு படிப்பதாக அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. நிவேதா என்று பெயர், அப்பாவுக்குப் பாத்திரக்கடை. லீவுக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் கடையைத் தேடி நம்பர் வாங்கிப் பேசிவிட்டேன். முந்தாநாள் ஒரு டப்பாவில் தம்ரூட் இனிப்பு போட்டுக்கொண்டு, கட்டுக்கையோடு டவுன்பஸ் ஏறினேன். குடவாசல் தாண்டி இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. ஜன்னல் சீட்டு கிடைத்தும் ஒன்றும் மனசில் ஏறவில்லை. அந்தப் பெண்ணிடம் எப்படி ஆரம்பிப்பது என்றே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பிக்க விட்டால்தானே! கதவைத் திறந்ததும், "வாங்க ஆண்ட்டி! ரியாஸ் சூப்பரா இருக்கான்" என்றாள்.

எனக்கு ஜமால் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பது போல ஆகிவிட்டது. நல்ல பெண். காபி கொண்டுவந்து கொடுத்தாள், அவள் அம்மா முறுக்கு வைத்தார். "கடைசியா அவன எப்பம்மா பார்த்தே?" என்றேன். "இப்பதான் ஆண்ட்டி... கொஞ்சம் முன்னாடி... எக்ஸாம் டைமா இருந்துச்சு பாருங்க" என்று இழுத்தாள். பேச்சை மாற்றத்தானோ என்னவோ, என் கையைப் பார்த்தாள்.

"ஐயோ, கைல என்ன ஆண்ட்டி? ரியாஸ் சொல்லவே இல்லையே?"

"அவனுக்குத் தெரியாதும்மா. விழுந்துட்டேன். நீ அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே. படிக்கிற புள்ள, பயந்துரும்."

"சரி ஆண்ட்டி, சொல்ல மாட்டேன்" என்றாள். ரொம்பச் சுலபமாகச் சொன்னாள். இப்படிச் சத்தியம் செய்து பழகியவள் சொல்வது போல.

முறுக்கு வாயிலேயே நின்றுவிட்டது. நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. விழுந்த நாளிலிருந்து போனை முகத்துக்கு நேரே நெருக்கிப் பிடித்துப் பேசுகிறவள் நானும்தானே. அவனுக்கும் என் நெற்றியும் மூக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். அதுவும் போதாதென்று இப்போது ஒரு ஜமால் அண்ணனையும் பிடித்து வாயை அடைத்துவிட்டேன். உங்களை அத்தனை வருடம் திட்டிய அதே நான்! நீங்கள் இருந்திருந்தால் சிரித்தே என்னைக் கொன்றிருப்பீர்கள்.

அந்தப் பெண்ணை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தம்ரூட்டைக் கொடுத்துவிட்டு, "நான் சொன்னதை விட்டுடும்மா, அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று எழுந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். வாசல்வரை வந்து, "ஆண்ட்டி, இன்னிக்கே பேசுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வருகிற பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று வந்தது. இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டு, கட்டுக்கை நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். அவன் எடுத்தான். வழக்கம்போல நெற்றி, மூக்கு. அப்புறம் கண் பெரிதானது.

"அம்மா, கைல என்னம்மா அது?"

"விழுந்துட்டேன். பத்துப் பதினஞ்சு நாளாச்சு."

"பத்து நாளா? தினமும் பேசறோம், ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ அங்கேருந்து என்ன செஞ்சிருப்பே?"

உங்கள் வார்த்தை, ரியாஸ் அத்தா. என் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. அவன், "ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன்தான். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லம்மா" என்றான்.

"அப்போ எனக்கும் தெரியணும்ல. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி."

தள்ளிப் பிடித்தான். அங்கே நடுப்பகல், அறை இருட்டு. திரை இழுத்து மூடியிருக்கிறது. கட்டிலிலேயே தட்டு, துணி எல்லாம் கிடக்கின்றன. தாடி காடாக வளர்ந்து நிற்கிறது. "காலேஜுக்குப் போயே ரொம்ப நாளாச்சும்மா. பரீட்சைக்கும் போகல. காலைல எந்திரிக்கவே முடியல. ஏன்னு எனக்கே தெரியல" என்று சொல்லி அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை நான் நகரவில்லை. கேட்க ஆயிரம் கேள்வி முட்டிக்கொண்டு வந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "முதல்ல அந்தத் திரையை விலக்குப்பா." எழுந்து போய் விலக்கினான். வெளியே ஒரே சாம்பல் நிறம், ஆனாலும் வெளிச்சம்தான்.

நேற்றும் இன்றும் காலையும் மாலையும் பேசினோம். நிவேதா சொல்லி, காலேஜ் டாக்டரைப் பார்க்க நாளைக்கு நேரம் வாங்கியிருக்கிறான். கூடப் போக ஒரு பையனையும் ஏற்பாடு செய்துவிட்டாள். "வந்துரணும்னு தோணுச்சுன்னா வந்துடு, அத்தா ஒண்ணும் நினைக்க மாட்டாரு" என்று உங்கள் சார்பில் நானே சொல்லிவிட்டேன். நினைக்கவா போகிறீர்கள்? நாளைக்கு அவன் எழுந்திருப்பானா, போவானா, அந்த டாக்டரிடம் வாயைத் திறப்பானா, எனக்குத் தெரியவில்லை. தைலம் தடவியும் தோள் விடவில்லை, மனசும் விடவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் நான் கேட்டுக் கிடைக்காமல் போனதை உங்கள் மகன் எனக்குக் கொடுத்துவிட்டான். நான் இன்று எந்தப் பந்தியிலும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. பயப்பட வேண்டிய நாளில் பயந்துகொண்டிருக்கிறேன். அவனும் அங்கே என் கையை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறான்.