கண் சோதனையில் பாஸ்

அன்புள்ள அம்மா,

நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா?

பைலட் பயிற்சிக்கான உடல் தகுதிப் பரிசோதனை நேற்று முடிந்தது. மாமாவுக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாததால் இதே சோதனையில்தானே அவரைத் திருப்பி அனுப்பினார்கள்! அந்தக் கண் எனக்கும் வந்திருக்குமோ என்று ஒரே உதறல். புத்தகத்தில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கும்போது ஒரு பக்கத்தில் தடுமாறிவிட்டேன். அதனால் டாக்டர் இருட்டறையில் குட்டி வண்ண விளக்குகளைக் காட்டி நிறம் கேட்டார். எல்லாமே சரியாகச் சொன்னேன்.

“கண்ணுல கோளாறு இல்லப்பா, பயம்தான். போய் விமானம் ஓட்டு” என்றார்.

சொல்ல ஆளில்லாமல் வாசல் காவலரிடம் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல். நிச்சயம் சந்தோஷப்படுவார்.

இங்கே விடுதியில் போர்வை குத்துகிறது. உன் பழைய புடவை ஒன்று அனுப்பேன். துவைக்காமல் அனுப்பினாலும் சரிதான்.

வகுப்புக்கு மணியடிச்சாச்சு, ஓடுறேன்.

உன் மகன்