நிலக்கடலைப் பொடி, சோயா லேபிள்

10 ஜூன் 2024, திங்கள்

கும்பகோணத்தில் சித்தி மகள் கல்யாணம். பத்து நாள் லீவு முடிந்து இன்று வேலைக்குப் போனேன். லேப் கதவைத் திறந்ததுமே புளிச்ச வாடை. விதையில் புரட்டும் உயிர் உரத்துக்காகச் சோயா பாக்டீரியா வளர்த்த தொட்டியில் வேறு ஏதோ கிருமி புகுந்துவிட்டது. கொட்டச் சொன்னேன். சோயாக் கிருமி சோம்பேறி, தலை தூக்கவே ஒரு வாரம் எடுக்கும். இனிமேல் புதிதாகத் தொடங்கினால் மாதக் கடைசிதான்.

விகாராபாத் பக்கத்துப் பெண்கள் சங்கத்துக்கு நானூறு பாக்கெட் சோயா உரம் போகவேண்டுமே என்றேன். முதலாளி ஆனந்தகுமார், “அது போன வாரமே போயாச்சே மேடம்” என்றார்.

எப்படிப் போகும்? தொட்டிதான் புளித்துக் கிடக்கிறதே?

11 ஜூன்

நிலக்கடலைப் பயிருக்கென்று செய்து மிச்சமிருந்த உரப் பாக்கெட்டுகளில் சோயா லேபிள் ஒட்டி அனுப்பியிருக்கிறார். கேட்டால் சிரிக்கிறார்! “கைக்கு டென்ஷன், எதுக்கு டென்ஷன் லலிதா மேடம்? ரெண்டும் கருப்புப் பொடிதானே. ரெண்டும் காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு வேருக்குக் குடுக்கறதுதானே.”

நிலக்கடலைக் கிருமி சோயா வேரைச் சீண்டாது. ஒவ்வொரு பயிருக்கும் அதற்கென்று ஒன்று. இந்த ஆளுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

சோதனைச் சான்றில் யார் கையெழுத்து என்று கேட்டேன். “உங்களதுதான்.”

ஆமாம், என்னுடையதுதான். லீவில் போகும்போதெல்லாம் வேலை நிற்கக் கூடாதென்று இருபது வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். முட்டாள். படித்த முட்டாள்.

12 ஜூன்

சங்கத் தலைவி சாயவ்வாவுக்குப் போன் செய்தேன், விதைக்காதீர்கள் என்று சொல்ல.

“முந்தாநாள் நல்ல மழை மேடம். வெல்லத் தண்ணியில பொடியைக் கலந்து, விதையில புரட்டி, நிழல்ல காயவெச்சு, நீங்க காட்டினாப்பலேயே செஞ்சோம். எல்லாரும் விதைச்சாச்சு” என்றாள். தெலுங்கில்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக.

பருத்தி போட்டு நொந்துபோய் இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சோயா போடுகிறார்கள். அந்த மண்ணில் சோயாக் கிருமி ஒன்றுகூட இருக்காது. இந்தப் பொடி இருந்தால் யூரியாவுக்கு வரிசையில் நிற்கவேண்டாம் என்று கூட்டம் போட்டுச் சொன்னதே நான்தான்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாசத்தில் வந்து பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆனந்தகுமாரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

13 ஜூன்

இன்றும் சொல்லவில்லை.

15 ஜூலை

போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது, வயல் முழுக்க வெளிறிப்போன பச்சை. சாயவ்வாவின் நிலத்தில் மண்வெட்டியால் தோண்டி நாலு செடி எடுத்துக் கழுவினேன். முப்பது நாள் செடியின் வேரில், கிருமி தங்கிய இடமெல்லாம், மிளகு மிளகாக முடிச்சு இருக்கவேண்டும். ஒன்றுகூட இல்லை. பக்கத்து நிலத்திலும் இல்லை. எட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

சொன்னேன். லேபிள், பொடி, எல்லாம்.

“இது சரியான பொடின்னு யாரு கையெழுத்துப் போட்டது?” என்றாள் சாயவ்வா.

“நான்தான்.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“விதைச்ச ரெண்டாம் நாள்.”

சாயவ்வா கத்தவில்லை. “அன்னைக்கே சொல்லியிருந்தா யூரியாவாவது வாங்கி வெச்சிருப்போமே” என்றாள். இன்றே போடுங்கள் என்றேன். கடையில் ஸ்டாக் இல்லையாம், வர பத்து நாள் ஆகுமாம். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் கோபமா என் மேலா, பிரிக்கத் தெரியவில்லை. ரெண்டும்தான்!

16 ஜூலை

வேலையை விட்டேன். வேளாண் அலுவலகத்தில் புகாரும் கொடுத்தேன்.

ஆனந்தகுமார் வாசல்வரை வந்தார். “நக்கோ மேடம், வேண்டாம். உங்க கையெழுத்து, நீங்கதான் மாட்டுவீங்க.”

“மாட்டட்டும். நீங்களும் கூடவே வாங்க.”

சாயங்காலம் ஹர்ஷிதா, “நீக்கெந்துக்கு மம்மி ஈ கொடவ?” என்றாள். எனக்கெதற்கு இந்த வம்பாம். பெற்ற பெண்ணே இப்படிக் கேட்கிறாள். கையிலிருந்த கரண்டியை ஸிங்க்கில் எறிந்தேன்.

4 நவம்பர்

புகாருக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. கம்பெனி உரிமம் மூன்று மாதம் நிறுத்தம். இனி எந்தச் சோதனைச் சான்றிலும் நான் கையெழுத்திடக் கூடாது. அவருக்கு மூன்று மாதம், எனக்கு ஆயுசுக்கும். வயிறு எரிகிறது. ஆனால் எனக்குக் கொடுத்தது தப்பென்று சொல்ல முடியவில்லை.

சாயவ்வா ஊரில் ஏக்கருக்கு மூன்று குவிண்டால் சோயாதான் தேறியதாம். எட்டு குவிண்டாலாவது வந்திருக்கவேண்டும்.

13 ஜூன் 2025, வெள்ளி

சாயவ்வா போன். பதினோரு மாசத்தில் முதல் தடவை. வீட்டுக்காரர் மறுபடி பருத்திதான் என்கிறாராம். அவரிடம் சண்டை போட்டு அரை ஏக்கர் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறாள், சோயாவுக்கு. “பாக்கெட் எதுவும் கொண்டு வராதே. வேற வழி தெரிஞ்சா வா.” போன வருஷம் ‘நீங்க’, இப்போது ‘நீ’.

15 ஜூன்

வழி இருக்கிறது. பல வருஷமாகச் சோயா நன்றாக விளைந்த மண்ணில் அந்தக் கிருமி தானாகவே இருக்கும். பன்னிரண்டு வருஷம் பாக்கெட் விற்றவள் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நேற்று, வருஷா வருஷம் சோயா போடும் நாராயண்கேட் பக்கம் போய், நோயில்லாத நிலமாகப் பார்த்து, ஆறு மூட்டை மண் கேட்டு வாங்கி, ஈரச் சாக்கு போட்டு மூடி, ஆட்டோவில் ஏற்றி வந்தேன். அந்த விவசாயி, மண்ணை எதற்கம்மா கொண்டுபோகிறாய் என்று சிரித்தார்.

இன்று காலை விதைப்பு. நான் உழுத சாலில் மண்ணைத் தூவிக்கொண்டே போக, பின்னால் இரண்டு பெண்கள் விதை போட்டு மூடினார்கள். சாயவ்வா விதைக்கவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் அவளே அவிழ்த்தாள், கையை உள்ளே விட்டு அடிவரை கிளறிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், அதற்கப்புறம்தான் என்னிடம் தந்தாள். பிறகு அரை ஏக்கர் முடியும்வரை என் பக்கத்திலேயே நடந்து, என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பார்க்க வசதியாகக் கொஞ்சம் மெதுவாகத் தூவினேன்.