இரண்டு நிமிடம் முன்னால்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்துத்தான் எட்டு வருடமாக உனக்கு எழுதி வருகிறேன், இந்த முறை அந்த வரிக்குக் கை வரவில்லை, நீயாவது சுகமாக இரு. உன் மெயில் வந்தது, பக்கத்து வீட்டு டீச்சர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். இன்னும் இரண்டு மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவாய், கொடுத்த கையோடு புறப்பட்டு வருவாய், அதுவரை அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். உத்தரவு, ஐயா. டாக்டர் மாதக் கணக்கில் பேசுவதை நிறுத்தி நாள் கணக்குக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. சர்க்கரை முதலில் அவர் கண்ணை எடுத்தது, இப்போது சிறுநீரகத்துக்கு வந்திருக்கிறது, இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் போன மாதம் வரச் சொன்னதற்கு, டெலஸ்கோப்பில் மூன்று ராத்திரி கிடைத்திருக்கிறது, ஒரு வருடம் காத்திருந்து வாங்கியது, விட்டால் போச்சு என்றாய். சரி என்றேன். மூன்று ராத்திரியும் மேகம் என்று பிறகு போனில் சொன்னாய். உன்னிடம் ஐயோ பாவம் என்றேன், போனை வைத்துவிட்டுச் சிரித்தேன், பெற்றவள் இப்படிச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்பாவின் அட்டவணை உனக்கு ஞாபகம் இருக்கிறதா. நீ இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஒரு நட்சத்திரம் பதினோரு நாள் ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை லேசாக மங்குகிறது, அதன் முன்னால் ஒரு கிரகம் கடந்து போகிறது, அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொன்னாயே. முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனிதரிடம் போய், ஒரு வினாடி முன்னே பின்னே ஆகாதுப்பா என்று வேறு சொன்னாய். விடுவாரா. டிப்போவில் வண்டி புறப்படும் நேரம் எழுதுகிற அதே மாதிரி கட்டம் போட்டு, அடுத்த ஆறு வருடத்துக்கு அந்த நட்சத்திரம் மங்கும் தேதியும் மணியும் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். கண் போன பிறகும் மனசுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு, இன்னைக்கு வண்டி வரும், ஒம்போது நாப்பதுக்கு என்பார். அவர் வாழ்நாளில் லேட்டாகாத ஒரே வண்டி உன் வண்டிதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை.

அது கிரகமே இல்லை, அந்த நட்சத்திரத்துக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில் வேறே இரண்டு நட்சத்திரம் ஒன்றை ஒன்று மறைக்கிறது, அந்த மங்கலைத்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன், வேறே வேலைக்கு மாறிவிட்டேன் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் மட்டும் சொன்னாய். அப்பாகிட்ட சொல்லாதேம்மா, தாங்க மாட்டார் என்றாய். நீ பட்ட அவமானத்தை என் மடியில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இரண்டு வருடமாக, வண்டி வந்துடுச்சாடி என்று அவர் கேட்கும்போதெல்லாம் வந்துடுச்சுங்க என்று நான் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்ல என்னைப் பழக்கியது நீ, அதை மறந்துவிட்டு மேலே படிக்காதே.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே அவருடைய இன்சுலின் இருக்கிறதே என்று பதறிப்போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உன் வயசுதான் இருக்கும், புது ஆள். முன்னறையைத் தாண்டி உள்ளே வரும்போது ஷூ சத்தம் கேட்டு அப்பா தலையைத் தூக்கி, வந்துட்டானா என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தை நீ பார்த்திருந்தால் உன்னாலும் சொல்லியிருக்க முடியாது. வந்துட்டாங்க என்றேன். மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான், பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, நான்தாம்பா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா முதலில் கேட்டது என்ன தெரியுமா, இன்னைக்கு வண்டி டைமுக்கு வந்துச்சா என்றுதான். நான் சுவரில் அன்றைய தேதியைத் தொட்டுக் காட்டினேன். அந்த மனுஷனும் சந்தோஷப்படுத்த நினைத்து, வந்துடுச்சுப்பா, ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு என்றார். அப்பா, ரெண்டு நிமிஷமா என்று மட்டும் கேட்டார். அப்புறம், ரொம்ப சந்தோஷம், சாப்பிட்டியா என்று கேட்டு அவர் முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, ஃபிரிட்ஜையும் சரி பண்ணிக் கொடுத்துவிட்டு அவர் போனார்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நட்சத்திரம் எங்கடி முன்னாடி வரும், என் மகனா இருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டான், யாரு அந்தப் பிள்ளை என்றார். ஃபிரிட்ஜ் பார்க்க வந்தவர் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கை இதமா இருந்துச்சு, நாளைக்கும் வரச் சொல்லு என்றார்.

தினமும் வருகிறார். வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்து ஆறேகால் வரை இருக்கிறார். உன்னைக் கூப்பிடும் செல்லப் பெயரால்தான் அப்பா அவரையும் கூப்பிடுகிறார். தனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவே கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. நட்சத்திரத்தைப் பற்றி மட்டும் மறுபடி கேட்பதில்லை, தெரியாத பிள்ளையைச் சங்கடப்படுத்தக் கூடாதாம். வண்டி வருகிற நாளில், அவர் போன பிறகு என்னிடம்தான் கேட்கிறார், நானும் வந்துடுச்சு என்கிறேன். வந்தவன் நீ இல்லை என்று ஒரு பேச்சிலேயே கண்டுபிடித்த மனிதர், இல்லாத கிரகத்தை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். யாரோ மங்கினதை நீ உன் கிரகம் என்றாய், யாரோ வந்ததை நான் என் மகன் என்றேன், நமக்குள் சரியாகப் போயிற்று. என் பொய்யில் அவருக்கு ஒரு துணையாவது கிடைத்தது.

நன்றாகப் படித்து முடி. நடுவில் விட்டுவிடாதே, அப்பாவைக் காக்க வைத்ததற்கு ஒரு பட்டமாவது மிஞ்சட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, கண்ணை ரொம்பக் கெடுத்துக்கொள்ளாதே, அப்பாவின் உடம்புவாகு உனக்கும் இருக்கிறது, வருடம் ஒரு தடவை சர்க்கரை பார். உன்மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது, அது போகும் என்று தோன்றவில்லை, ஆனாலும் நீ நீண்ட ஆயுளோடும் குறையில்லாத உடம்போடும் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதும்போதும் மனசு கேட்கிறது.

ஒன்றை மறந்துவிடாதே. இரண்டு மாதம் வேண்டாம், இப்போதே கிளம்புகிறேன் என்று உனக்குத் தோன்றினால் திடீரென்று வந்து நிற்காதே, இரண்டு நாள் முன்னால் போன் பண்ணு. அன்றைக்கு அந்தப் பிள்ளையை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அப்பா சம்மதிக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா