கடலைக் காட்டிக் கேட்ட கையெழுத்து

பிப்ரவரி 20, 2024, செவ்வாய்

சபரி போன் செய்தான். "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டான்.

அப்பா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தபோது, கூட இருந்த நான் சாப்பிட்டேனா என்று ஒரு தடவை கேட்காதவன். அப்பா போய்ப் பதினெட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. இன்றைக்கு என்ன? ரசம் சோறு என்றேன். "உடம்பப் பாத்துக்கக்கா" என்று வேறு சொன்னான்.

வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பி பாசமாகப் பேசினால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

பிப்ரவரி 22, வியாழன்

நினைத்தது சரி. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். புதுக் கார். எங்கள் சந்துக்குள் நுழையாது என்று தெரிந்தும் நுழைத்து, எதிர்வீட்டு வாசலை அடைத்து நிறுத்தினான். அவனுடைய இரண்டு ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறது அல்லவா, இனி திருச்செங்கோட்டில் எந்த வாசலும் அவனுடையதுதான்.

சௌந்தர்யா கையில் வழக்கம்போல் போன். இவளுக்கு உலகத்தில் இரண்டே வகை: சூப்பர், சூப்பரோ சூப்பர். சுண்ணாம்பு பெயர்ந்த என் சமையல்கட்டைப் பார்த்து, "அண்ணி, பழைய ஊடுங்கறதே தனி அழகுங்க" என்றாள். நீயே வந்து இருந்து பார் என்று சொல்ல வாய் வரை வந்தது.

விஷயம் இதுதான்: தரங்கம்பாடிக்கு மூன்று நாள். கடலோரத்தில் அமைதியான ஊராம், கூட்டமே இருக்காதாம். "நீயும் எங்கியும் போனதில்லையேக்கா. அப்பாவப் பாத்தே உன் வயசு போச்சு. சித்த ரெஸ்ட் எடு" என்றான். சொல்லும்போது கண் என் முகத்தில் இல்லை, சுவரில் அப்பா படத்தில் இருந்தது.

வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் பதினாறு வருடமாக நிற்கிறேன், கடலுக்குப் போக லீவு கேட்டது இதுதான் முதல் தடவை. நர்ஸ் மதுமதி, "தம்பி கூட்டிட்டுப் போறாருங்களா! குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். சிரித்து வைத்தேன்.

ஏன் ஒப்புக்கொண்டேன்? அவனுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கத்தான்.

பொய். நாற்பத்தொன்பது வயதாகிறது. கடலைப் பார்த்ததில்லை. கல்யாணம் என்று ஒன்று நடந்தபோது அந்த ஆள் கன்னியாகுமரி கூட்டிப்போவதாகச் சொன்னான். இரண்டு வருடம் அதையே சொல்லிவிட்டு வேறு ஒருத்தியோடு போய்விட்டான்.

மார்ச் 1, வெள்ளி

தரங்கம்பாடி. பழைய பங்களா ஒன்றில் அறை.

நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், மாயவரம் என்று ஏழு மணி நேரம். அதில் ஐந்து மணி நேரம் சபரி போனில் யாரையோ திட்டினான். மிச்ச நேரம் என்னிடம், "ஏசி போதுமாக்கா? தலகாணி வேணுமாக்கா?" அறுக்கப்போகிற ஆட்டுக்குக் கூட யாரும் இவ்வளவு தழை காட்ட மாட்டார்கள்.

ஊர் என்று சொன்னார்கள். ஒரு வளைவு வாசல், அதற்குள் ஒரு நீளத் தெரு, கடைசியில் ஒரு கோட்டை. தெருவில் நாலு நாய், இரண்டு சைக்கிள். என்றைக்கோ வந்து வியாபாரம் செய்துவிட்டுப் போன டேனிஷ்காரன் வீடுகளைப் பார்க்க ஐந்தாறு மாவட்டம் தாண்டி வந்திருக்கிறோம். சௌந்தர்யா ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் நின்று முகத்தைச் சாய்த்துப் படம் எடுத்தாள். சுவர் எந்தப் படத்திலும் தெரிந்திருக்காது.

பிறகு கடல்.

என்ன பெரிய கடல், மேட்டூர் டேம் நிறைந்தால் இப்படித்தான் இருக்கும் என்று எழுத வேண்டும் என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். எழுத வரவில்லை. அது நிற்கவே இல்லை. ஒரு நிமிடம் கூட. கண் எரிந்தது. காற்றில் உப்பு என்றேன். அவர்கள் கேட்கவும் இல்லை.

மார்ச் 2, சனி, மதியம்

காலையில் மூட்டையை அவிழ்த்துவிட்டான்.

தாழ்வாரத்தில் இட்லி. சாம்பார் தித்திக்கிறது என்று சமையல்காரரிடம் ஒரு மூச்சு சண்டை போட்டான். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து, காரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஒரு சின்ன வேலைக்கா. அப்பா காட்டுக்குப் பட்டா மாத்தோணும். ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது. திங்கக்கெழம ரிஜிஸ்தர் ஆபீசுல டோக்கன் போட்டிருக்குது."

படித்தேன். தாளில் எழுதியதைப் படித்து மருந்து கொடுப்பதுதான் என் வேலை என்பது அவனுக்கு மறந்துவிட்டது. விடுதலைப் பத்திரம். மேற்படி நாலு ஏக்கர் புன்செய் நிலத்தில் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை என்றும், எவருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதுடன் விட்டுக்கொடுக்கிறேன் என்றும். என் பெயரை ஆறு இடத்தில் 'மைதலி' என்று அடித்திருந்தார்கள். கூடப் பிறந்தவள் சொத்தை எழுதி வாங்க வந்தவன் அவள் பெயரைக் கூடச் சரிபார்க்கவில்லை.

"பட்டா மாத்தறதுக்கு விடுதலைப் பத்திரம் எதுக்குடா?"

"பைபாஸ் பக்கத்துல வந்திருச்சுக்கா. வாங்கறதுக்கு ஆள் ரெடியா இருக்குது. உனக்கு வேணுங்கறத நான் செய்ய மாட்டனா?"

"எனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியுமா?"

"உனக்கு என்ன கொறச்சல்? கவர்மெண்டு சம்பளம். இருக்க ஊடு. ஒண்டிக்கட்ட. உனக்கப்பறம் எல்லாம் என்ற பையன் கவினுக்குத்தான வரப்போவுது? இப்பவே வந்தா என்ன?"

நான் சாகிற கணக்கைச் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறான். அப்பாவைப் பார்த்தது யார் என்று கேட்டேன். அதற்குத்தான் சொன்னான்:

"நீ பாத்ததை ஆரும் இல்லைங்கல. அதுக்குக் கூலியா கேக்கற?"

கூலியா. கூலியாடா? ஆறு வருசம் பீ மூத்தரம் அள்ளுனேன், பொரட்டிப் பொரட்டிப் படுக்க வெச்சேன், புண்ணுக்கு மருந்து வெச்சேன் — நீ தீவாளிக்குத் தீவாளி ஒரு வேட்டியத் தூக்கிட்டு வந்து பத்து நிமிசம் மூக்கப் பொத்திக்கிட்டு நின்ன. கூலின்னா உன்னால குடுக்க முடியுமாடா அத?

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். அவனிடம், "பொழுதோட போட்டுத் தாரேன்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

போடத்தான் போகிறேன். அந்த மண்ணும் வேண்டாம், இவன் உறவும் வேண்டாம். பிச்சை போடுகிற மாதிரி அவன் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டுப் போகிறேன். அற்பன்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

இன்னும் போடவில்லை. நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

நாலரை மணிக்குத் தனியாகக் கோட்டைக்கு முன்னால் இருக்கும் மணலுக்குப் போனேன். சற்று நேரத்தில் சௌந்தர்யா வந்தாள். கையில் போன் இல்லை. முதலில் அதைத்தான் கவனித்தேன். அவர் தூங்குகிறார் என்றாள். அலை வந்து தொடுகிற இடத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போடறதுன்னே முடிவு பண்ணீட்டீங்களா அண்ணி?"

"ஆமா. உன் புருசன் மூஞ்சில விட்டெறியப் போறேன்."

"நானும் அப்படித்தானுங்க எறிஞ்சேன்."

அவள் அப்பாவுக்குப் பரமத்தியில் தென்னந்தோப்பு இருந்தது எனக்குத் தெரியும். அவர் காரியம் முடிந்து இரண்டாவது மாதம், அவளுடைய அண்ணன் இரண்டு பேரும் அவளை ஏற்காடு கூட்டிப்போனார்களாம். மூன்று நாள். படகு, பூங்கா, மிளகாய் பஜ்ஜி. மூன்றாம் நாள் காலையில் ஃபைல்.

"எனக்கு ரோசம் வந்திருச்சுங்க. இந்தாங்கடா, நீங்களே தின்னுங்கடான்னு போட்டுக் குடுத்துட்டேன். எறியறப்ப நம்ம கைக்கு நல்லாத்தான் அண்ணி இருக்குது. விழறது என்னவோ அவிய மடிலதான் விழுகுது. இப்ப அந்தத் தோப்புல எளநி வேணும்னா நான் கேட்டுட்டுத்தானுங்க வெட்டோணும்."

ஒரு அலை வந்தது, இரண்டடி பின்வாங்கிவிட்டு மேலே சொன்னாள்.

"இவருக்கு இந்த ரோசனைய ஆரு குடுத்ததுங்கறீங்க? எங்க பெரியண்ணன்தானுங்க. மச்சான், எங்காச்சும் டூர் கூட்டிட்டுப் போங்க, பொம்பளைக மனசு எளகிரும்னு போன்ல சொன்னாரு. பக்கத்துல நின்னு கேட்டேன்."

"காட்டை வித்தா உன் ஊட்டுக்குத்தான பணம் வரும்? எங்கிட்ட வந்து ஏன் சொல்ற?"

"மூணாவது ரிக் வண்டிக்கு வருமுங்க. எனக்கு ஒரு சீல வரும்." புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். "நீங்க என்னைய மனுசியாவே மதிச்சதில்லீங்க. அது எனக்குத் தெரியும். அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுங்களா? நாஞ் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்டச் சொல்லிராதீங்க."

போய்விட்டாள். தெருமுனையில் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மறுபடி முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். அவன் எழுந்து வந்து பார்த்தால் படம் எடுக்கப் போனதாக இருக்க வேண்டுமல்லவா.

இருபத்திரண்டு வருடமாக இவளை மண்டையில் ஒன்றுமில்லாதவள் என்று நினைத்து வந்திருக்கிறேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. தம்பியைத் திட்ட மனசு வராதபோதெல்லாம் இவளைத் திட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு எனக்கு என் மேல்தான் ஏளனமாக இருக்கிறது. பெரிய புத்திசாலி. ரோசத்தில் தோட்டம் துரவை எழுதிக் கொடுக்கப்போன புத்திசாலி.

மார்ச் 3, ஞாயிறு

ஃபைலை அப்படியே அவன் முன்னால் வைத்தேன். "போட மாட்டேன். அப்பா சொத்து ரெண்டு பங்கு. என்ற பங்கைப் பிரிச்சுக் குடு. உன்ற பங்கை நீ வித்துக்க."

"நேத்துப் போடறேன்ன?"

"நேத்துச் சொன்னேன். இன்னிக்கு இல்ல."

முதலில் சிரித்தான். பிறகு அழுதான், கண்ணீர் வரவில்லை. பிறகு அட்வான்ஸ் வாங்கிவிட்டேன் என்றான். அப்புறம்தான் நிஜமான சபரி வெளியே வந்தான். "வாழாவெட்டியா வந்து அப்பன் ஊட்ல ஒக்காந்து தின்னவளுக்குப் பங்கு ஒரு கேடா?" என்றான். சமையல்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்ன வாயை நான் சோறூட்டி வளர்த்தேன்.

என் பையைக் காரிலிருந்து எடுத்து வெளியே வைத்தான். "பஸ்ல வந்து சேரு." சௌந்தர்யா முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது.

அவர்கள் போன பிறகு, பையைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனேன். முழங்கால் வரை இறங்கினேன். ஒரு அலை இடுப்பு வரை நனைத்துவிட்டது. பயந்து கத்தினேன். அப்புறம் சிரித்தேன். தனியாக, பைத்தியம் மாதிரி. வலை உலர்த்திக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, "இன்னும் கொஞ்சம் உள்ள வாம்மா, இங்க ஆழமில்ல" என்றாள். போனேன்.

மாயவரம், திருச்சி, நாமக்கல், திருச்செங்கோடு. நாலு பஸ். ஈரப் பாவாடை திருச்சி வரும்போதுதான் காய்ந்தது.

மார்ச் 4, திங்கள்

டோக்கன் பத்தரைக்கு. பத்தரைக்கு நான் ஜன்னலில் நின்று பிரஷர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. முத்தாயம்மாள் சித்தி போன். "பொறந்தவன் வேணுமா, மண்ணு வேணுமா சாமி? நாளைக்கு உனக்குக் கொள்ளி வெக்க ஆரு இருக்கறா?"

கொள்ளி வைப்பதற்கு நாலு ஏக்கர் கூலி அதிகம் என்றேன். வைத்துவிட்டாள். இனிமேல் நல்லநாளில் போன் வராது. நிம்மதி.

ஜூலை 11, வியாழன்

வக்கீல் நோட்டீஸ் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்க வந்த ஆள், அக்கா கையெழுத்து இல்லாத நிலம் வேண்டாம் என்று கிளம்பிவிட்டாராம். ஊரெல்லாம் என்னைத்தான் பேசுகிறது. மருந்து வாங்க வருகிறவர்கள் கூட ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். என்னைக் காசாசை பிடித்தவள் என்று சொல்கிறவன் தன் தங்கைக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டால், மாத்திரையை வாங்கிக்கொண்டு வேகமாகப் போகிறான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சின்ன வயசு சபரி நினைவுக்கு வருகிறான். வேண்டாம், எழுத வேண்டாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாயிற்று. வேறு வழியில்லாமல் வந்தான். ரேகை வைக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவன் காதோரம் நரைத்திருக்கிறது. என் பெயரைச் சரியாக அடித்திருந்தார்கள். நான் மூன்று தடவை படித்தேன்.

டிசம்பர் 18, புதன்

அளந்து கல் நட்டார்கள். கிழக்கால் ரெண்டு ஏக்கர் எனக்கு. ரோட்டோரம் அவனுக்கு, அவன் கேட்டபடியே.

சபரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல் நட்ட ஆளிடம், "ஒரு அங்குலம் அந்தப் பக்கம் போயிராம பாருங்க" என்றான். இரண்டு ஏக்கரில் ஒரு அங்குலம். அவன் மாற மாட்டான். அவன் மாறுவான் என்று நானும் இனிக் காத்திருக்க மாட்டேன்.

சௌந்தர்யா காரில் இருந்தாள். வேலை முடிந்ததும் இறங்கி வரப்பு தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவன் ஹாரன் அடித்தான். "ஏறு, போலாம்."

"நீங்க போங்க. நான் அண்ணி ஊட்டுக்குப் போயிட்டுப் பஸ்ல வாரனுங்க" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். இன்னொரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

குத்தகைக்குக் கேட்டிருந்த நாச்சிமுத்து அண்ணன் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார். குச்சிக்கிழங்கு போடலாம், ஒரு உழவு ஓட்டிவிட்டால் போதும் என்றார். டிராக்டர்காரனுக்குப் போன் போட்டார். அவனுக்கு இடம் பிடிபடவில்லை போலிருக்கிறது.

"எந்தக் காடா? அட, நம்ம மைதிலி காடு, வாப்பா" என்றார்.