மூன்றாவது கோட்டின் வளைவு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரண்ட் போவதும் வருவதுமாக. ஏரிப் பக்கம் இருட்டிக்கொண்டு நிற்கிறது.

வேலை: அரிசி ஆலைக்காரரின் புதிய இணையதளம். மூன்று பிரவுசரிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வழக்கம்போல் பி1, பி2, பி3.

முகப்பு: மூன்றிலும் சரி.
தொடர்புப் பக்கம்: பி3-இல் தமிழ் எழுத்து சிறுத்துப்போகிறது. பதிந்தேன்.
நெல் விலைப் பட்டியல்: பி1 சரி. பி2-இல் மூன்றாவது கோடு வளைவு.

ரகம், ஈரப்பதம், மூட்டை விலை என்று கட்டம் போட்ட பட்டியல். மெல்லிய நெடுக்குக் கோடுகள். மூன்றாவது கோடு நடுவில், யாரோ விரலால் அமுக்கியது போல, உள்வாங்கி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குறை பார்த்ததில்லை. கோடு காணாமல் போகும். தடிக்கும். பாதியில் அறுந்து நிற்கும். வளையாது.

திரையைப் படமெடுத்து பாண்டி ஆபீசுக்கு அனுப்பினேன். சுபா பார்ப்பாள். அங்கே எனக்கு வேலை ஒதுக்குகிறவள் அவள்தான். என் மகள் வயது.

மதியம் கீரை. உப்பு இல்லை. சொல்லவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை. துணி காயவில்லை என்று வேதவல்லி என்னிடம் கோபப்படுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து மழைக்கும் நான்தான் பொறுப்பு.

நான் பதிந்த குறையைத் தீர்ந்தது என்று சுபா மூடிவிட்டாள். “எங்களுக்குச் சரியாகத் தெரிகிறது” என்று ஒரு வரி. திரும்பத் திறந்தேன். மறுபடி மூடினாள். மறுபடி திறந்தேன். போன் செய்தாள்.

“சார், நாங்க நாலு பேர் பாத்துட்டோம். நேராதான் இருக்கு.”

“நாலு பேர் பாத்தா வளைஞ்சது நிமிந்துடுமா?”

“நீங்க அனுப்பின படத்துலயும் நேராதான் சார் இருக்கு.”

போனை வைத்துவிட்டேன்.

இவர்களுக்கு இது புதிதில்லை. போன வருஷம் பழைய போன்களில் ‘பணம் செலுத்து’ பொத்தான் கீபோர்டுக்கு அடியில் மறைகிறது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மூடினார்கள். பிறகு கடைக்காரர் வந்து சத்தம் போட்டபோது ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தினார்கள். பெரியவர் அப்போதே சொன்னார் என்று ஒரு வாய் சொல்லவில்லை. டி.டி.பி. கடை வைத்திருந்தவன்தானே, கல்யாணப் பத்திரிகை அடித்தவன்தானே. புத்தகம் வாங்கி நானே படித்துக் கற்றது இவர்களுக்குப் படிப்பில்லை.

இந்த முறை விட மாட்டேன்.

சாயங்காலம் மூன்றிலும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பி1-இலும் வளைகிறது. பி3-இலும். நேற்று பி1 சரி என்று நானே எழுதியிருக்கிறேன். நேற்று பார்த்தது தப்பா, இன்று பார்ப்பதா?

மானிட்டர் பழசு. அதுவாக இருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம். கொசு.

தொழுகை முடிந்து காதர் பாய் கடை திறந்ததும் போனேன். கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை. பழைய போன்களைச் சோதனைக்கு அவர்தான் தருவார். கண்ணாடி உடைந்தது, பேட்டரி உப்பியது, எல்லாம். ஐந்தாறு போனில் பட்டியலைத் திறந்தேன். எல்லாவற்றிலும் வளைவு. இங்கே என் மானிட்டர் இல்லை.

“பாய், இந்தக் கோடு எப்படி கீது?”

“எப்படின்னா? கோடு மாதிரி கீது.”

“நேரா கீதா?”

“ரூல்தடி மாதிரி கீதுண்ணே. இன்னா, பந்தயமா?”

போன் மேல் ஒட்டும் தாளை வெட்ட ஒரு அடிக்கோல் வைத்திருக்கிறார். வாங்கிக் கோட்டை ஒட்டி வைத்தேன். அடிக்கோலும் வளைந்திருந்தது.

“வெயில்ல போட்டு வெச்சீங்களா, வளைஞ்சு போயிருக்கு.”

“ஸ்டீலுண்ணே அது.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். டீ சொல்லவா என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வழியில் மின்கம்பங்கள். பார்க்காமல் வந்தேன்.

நவம்பர் 8, சனி

வெயில்.

பின் ஜன்னலுக்குப் புதுக் கம்பி வைத்து ஒரு வாரம் ஆகவில்லை. அதுவும் கோணல். வெல்டர் ஏழுமலையைக் கூப்பிட்டு அனுப்பினேன். நாலு நாளாக மனதில் இருந்ததை எல்லாம் அவன்மேல் கொட்டினேன். கேட்டுக்கொண்டே பையைத் திறந்தான். தூக்குக்குண்டை எடுத்துக் கம்பிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான்.

“பாரு சார். நூலு எப்படியோ அப்படித்தான் கம்பி.”

நூலும் வளைந்துதான் தொங்கியது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

“கோணல்தான்” என்றேன்.

“ஜன்னல மாத்தறதுக்கு மின்னாடி உன் கண்ணாடிய மாத்து சார்” என்று வேதவல்லியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மூட்டம். சுபாவிடமிருந்து ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

வேதவல்லி குளிக்கப் போன நேரம். விலைகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கட்டம் மட்டும் வைத்து ஒரு பக்கம் செய்தேன். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. பிரவுசரை மாற்றாமல் கண்ணை மாற்றினேன்.

இ.க. மூடி, வ.க.: நடுவில் வளைவு. புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் மசமச.
வ.க. மூடி, இ.க.: எல்லாம் மங்கல். புரை. ஆனால் கோடு நேர்.

மறுபடி. மறுபடி. திருப்பித் திருப்பி அதே.

வலதுதான் என் நல்ல கண். அதை வைத்துத்தான் இத்தனை நாள் வேலை. இடதில் புரை எடுக்கச் சொல்லி நாலு வருஷமாகச் சொல்கிறார்கள். ஒன்று நன்றாக இருக்கும்போது இன்னொன்றை எதற்கு வெட்ட வேண்டும் என்று சொல்லிவந்தேன்.

“இன்னா, ஒத்தக் கண்ண மூடிக்கினு பொட்டிய பாக்கறீங்க?” ஈரத் தலையோடு பின்னால் நிற்கிறாள்.

“தூசு.”

“அஞ்சு நாளா தூசா?”

பக்கத்தை மூடிவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

ஆபீசில் வேலை என்று சொல்லிவிட்டு பாண்டி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். நிறுத்தத்தில் திரும்பிப் பார்த்தால் தண்ணீர் பாட்டிலோடு வேதவல்லி.

“நீ எங்கே?”

“ஆபீசுக்குத்தான். நான் வந்தா சுபா வேணாம்பாளா?”

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டேன். கரும்பு டிராக்டர் முன்னால் போனது, நகர்ந்து நகர்ந்து.

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, காத்திருப்பு, மறுபடி சொட்டு மருந்து. டாக்டர் சின்ன வயசு. ஒரு அட்டையை நீட்டினார். கட்டம், நடுவில் புள்ளி. எங்கே வளைகிறது, வரைந்து காட்டுங்கள் என்றார். வரைந்தேன். கோடு தேவைக்கு மேல் கோணலாக வந்தது. அதையும் சொன்னேன்.

“கண்ணுக்குள்ள பின்பக்கம் திரை மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல நடுவுல தண்ணி கோத்திருக்கு. கண்ணுலயே ஊசி போடணும். தள்ளிப்போடக் கூடாது.”

“போட்டா நேராயிடுமா?”

“மேல கெடாம நிறுத்தப் பாக்கறோம். கொஞ்சம் திரும்பலாம். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்.”

“இடது கண்ணுக்கு நாலு வருசமா கூப்புடறேன் டாக்டர்” என்றாள் வேதவல்லி. “காதுல வாங்கனாதானே.”

டாக்டர் முன்னால் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். மருந்து ஊற்றிய கண். அவளுக்கு என்ன தெரிந்ததோ.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன் டாக்டரிடம்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை.

காரணங்கள் எழுதிப் பார்த்தேன்.

போட வேண்டாம்: கண்ணில் ஊசி. முழுசாக வராது. ஒன்றோடு நிற்காது, மாதம் ஒன்று.
போட: 

எழுத ஒன்றும் தோன்றவில்லை. கட்டப் பக்கத்தைத் திறந்தேன். மசமசப்பு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டம். இன்று ஒன்றரை இருக்கும். ஒருவேளை பயத்தில் அப்படித் தெரிகிறதோ.

வேதவல்லியைக் கூப்பிட்டு நாளைக்கே போகலாம் என்றேன். சரி என்று மட்டும் சொன்னாள். பையை நேற்றே எடுத்து வைத்திருக்கிறாள்.

நவம்பர் 14, வெள்ளி

ஊசி போட்டாயிற்று, புதன்கிழமை. வலி நினைத்த அளவு இல்லை. ஊசி வருவது தெரிந்ததுதான் கஷ்டம். கண் ரத்தச் சிவப்பு. இடது கண்ணால் எழுதுகிறேன், பெரிய எழுத்தாக. சொட்டு மருந்து வேதவல்லி விடுகிறாள். பாதி கன்னத்தில்.

சுபா போன்.

“சார், அந்தக் கோடு பிரச்சினை இன்னும் திறந்தே இருக்கு. ஆலைக்காரர் கேக்கறார். இன்னா பண்ணலாம்?”

ஏதாவது சொல்லி மூடிவிட்டிருக்கலாம். பிரவுசர் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது என்றால் நம்பியிருப்பாள்.

“மூடிடு. கோடு நேர். என் கண்ணுலதான் கோளாறு.”

எந்தக் கண் என்றாள். பிறகு ஏதேதோ கேட்டாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

“அத விடு. இது எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டருக்கே தெரியல. ஒரு மாசமா நான் சரின்னு எழுதி அனுப்பினத எல்லாம் எடு. வேற ஆள வெச்சுத் திரும்பப் பாரு.”

“எல்லாத்தையுமா சார்? நீங்க ஓகே பண்ணதையுமா?”

“அதத்தான் சொல்றேன். வளைவுன்னு எழுதனத நாலு பேர் பாத்தீங்க. நேர்னு எழுதனத யாரும் பாக்கல.”

“சார், இத நான் மேல சொன்னா உங்களுக்கு இனிமே வேலை…” நிறுத்திக்கொண்டாள்.

“தெரியும். சொல்லு.”